சேரும் முன் ஒரு கேள்வி



சென்ற மாதம் வாசகி ஒருவர் நம் அலுவலகத்துக்கு வந்திருந்தார். துணிப்பையிலிருந்து லேமினேட் செய்த சான்றிதழ் ஒன்றை எடுத்து, முந்தானையால் ஒருமுறை துடைத்து மேசைமேல் வைத்தார். பி.ஜி.எல். எனும் பொதுச் சட்ட இளநிலைப் பட்டம். பிள்ளைகள் தூங்கிய பிறகு அடுக்களையில் உட்கார்ந்து, அஞ்சல்வழியில் படித்து வாங்கியது. “இதை வைத்து வக்கீலாகப் பதிவு செய்யலாம்தானே சார்?” என்றார். முடியாது என்று சொல்ல நா எழவில்லை. சொல்லத்தான் வேண்டியிருந்தது.

அவர் படித்தது வீணில்லை. வாடகை ஒப்பந்தமோ பாகப்பிரிவினைப் பத்திரமோ கைக்கு வந்தால், இனி யாரையும் கேட்காமல் அவரே வாசித்துப் புரிந்துகொள்வார். ஆனால் அஞ்சல்வழிச் சட்டப் படிப்பை வழக்காடும் தகுதியாக இந்திய பார் கவுன்சில் ஏற்பதில்லை. தொழிலாளர் சட்டம், சைபர் சட்டம் என்று வரும் டிப்ளமாக்களும் அப்படித்தான். வேலைக்குக் கைகொடுக்கும், கறுப்பு அங்கி தராது.

அங்கிக்கு வழி இரண்டே. பிளஸ் டூ முடித்து ஐந்தாண்டு, அல்லது ஒரு பட்டத்துக்குப் பின் மூன்றாண்டு. இரண்டையும் பார் கவுன்சில் அங்கீகரித்த கல்லூரிக்கு நேரில் போய்ப் படிக்க வேண்டும். மூன்றாண்டுப் படிப்பில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்றுண்டு. பள்ளிப் படிப்பை முடிக்காமல், திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்களுக்கு இதில் இடமில்லை. இது தெரியாமல் நாட்களைத் தொலைத்தவர்களை நினைத்தால் மனம் ஆறவில்லை.

படித்து முடித்தபின் மாநில பார் கவுன்சிலில் பதிவு. அதோடு அகில இந்திய பார் தேர்வு. பதிவுக்கு 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் சொல்லும் கட்டணம் 750 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய். அதற்குமேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு வாசலைத் திறந்துவிட்ட தீர்ப்பு அது. இதற்கு மேல் எம்.எல்.லும் படிக்க வேண்டுமோ என்று தயங்க வேண்டாம். அது மேற்படிப்பு, வழக்காடக் கட்டாயமில்லை.

நம் வாசகி பிளஸ் டூவைப் பள்ளிக்கும் பி.ஏ.வைக் கல்லூரிக்கும் போய் முறையாக முடித்தவர். மூன்றாண்டுப் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

உங்கள் வீட்டில் யாராவது சட்டம் படிக்கக் கிளம்பினால், பணம் கட்டும் முன் கல்லூரியில் ஒன்றைக் கேளுங்கள்: “இந்தப் பட்டத்தோடு பார் கவுன்சிலில் பதிவு செய்ய முடியுமா?” பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்