ஏழு ரயில்கள், ஒரே காகிதம்

மேற்கு வங்கத்தின் ரங்காபாணி நிலையத்திலிருந்து 2024 ஜூன் 17ஆம் தேதி காலை 8.42 மணிக்கு ஒரு சரக்கு ரயில் புறப்பட்டது. அந்தத் தடத்தில் தானியங்கி சிக்னல்கள் 5.50 முதலே பழுதாகிக் கிடந்தன. சிவப்பு விளக்கைக் கடந்து செல்ல அனுமதிக்கும் டி.ஏ. 912 என்ற படிவத்தை ஸ்டேஷன் மாஸ்டர் ஓட்டுநரிடம் கொடுத்திருந்தார். அதே படிவத்தோடு 15 நிமிடங்களுக்கு முன் கிளம்பிய காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ், சியால்டா நோக்கிப் போகும் வழியில் அதே தண்டவாளத்தில் நின்றுகொண்டிருந்தது. ஒன்பது மணிக்குச் சற்று முன்னர் சரக்கு ரயில் அதன் பின்புறத்தில் மோதியது. சரக்கு ரயிலின் ஓட்டுநர், எக்ஸ்பிரஸின் கார்டு உட்படக் குறைந்தது 10 பேர் இறந்தனர். எக்ஸ்பிரஸின் வால்பகுதியில் பயணிகள் பெட்டிகளுக்குப் பதில் பார்சல் வேன்கள் இருந்ததால் சாவு எண்ணிக்கை அதோடு நின்றது.

தீர்ப்பு வர அதிக நேரம் ஆகவில்லை. சரக்கு ரயில் ஓட்டுநர் சிக்னலை மதிக்கவில்லை என்று ரயில்வே வாரியம் அன்றே சொல்லிவிட்டது. இறந்தவர்களில் ஒருவராக முதலில் அறிவிக்கப்பட்ட உதவி ஓட்டுநர், காயங்களோடு மருத்துவமனையில் உயிருடன் இருந்தார். பயணி ஒருவரின் புகாரின் பேரில் என்று சொல்லி ஓட்டுநர்கள் இருவர் மீதும் போலீஸ் வழக்கு பதிவாயிற்று. அப்படி ஒரு புகாரே தான் தரவில்லை என்றார் அந்தப் பயணி. செத்தவர் எழுந்து வந்து சாட்சி சொல்லப்போவதில்லை என்பது ரயில் விபத்துகளில் பலருக்கும் வசதியாக அமைந்துவிடுகிறது.

ஆனால் அடுத்த மாதம் வெளியான ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை வேறு கதை சொன்னது. சிக்னல் கெட்டது முதல் மோதல் நடந்தது வரை அந்தத் தடத்தில் ஏழு ரயில்கள் நுழைந்தன. ஏழுக்கும் ஒரே காகிதம். ஓட்டுநர்களோ ஆளுக்கொரு வேகத்தில் சென்றனர். பழுதான ஒவ்வொரு சிக்னலிலும் ஒரு நிமிடம் நின்று, மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மிகாமல் நகர்ந்தது காஞ்சன்ஜங்கா ஒன்றுதான். மோதிய ரயில் உட்பட மற்ற ஆறும் அப்படிச் செய்யவில்லை. விதிப்படி நடந்த ரயில்தான் இடிபட்டது.

வகுப்பில் ஏழு பேரில் ஒருவன் தோற்றால் அவன் சரியாகப் படிக்கவில்லை என்று சொல்லலாம். ஆறு பேர் தோற்றால் வாத்தியாரைத்தான் விசாரிக்க வேண்டும். ஆணையரின் அறிக்கை அதைத்தான் செய்தது. ஓட்டுநரிடம் தரப்பட்ட காகிதத்தில் எந்த வேகத்தில் போக வேண்டும் என்ற குறிப்பே இல்லை. சிக்னல்கள் வெகுநேரம் பழுதாகியிருந்தால் டி.டி. 912 என்ற வேறொரு படிவத்துக்கு மாற வேண்டும். இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒரு சமயத்தில் ஒரே ரயிலை மட்டும் அனுமதிக்கும் பழைய முறை அது. மூன்று மணி நேரமாகியும் அந்த மாற்றம் நடக்கவில்லை. வாக்கி-டாக்கி போன்ற சாதாரணக் கருவிகளிலும் பற்றாக்குறை. தானியங்கி சிக்னல் தடத்தில் எப்படி நடந்துகொள்வது என்பது பற்றி ஓட்டுநர்களுக்கும் ஸ்டேஷன் மாஸ்டர்களுக்கும் போதிய பயிற்சி அளிக்கப்படவில்லை. இந்த நிலையில் இது என்றைக்காவது நடந்தே தீரவேண்டிய விபத்து என்பது ஆணையரின் முடிவு.

காகிதத்தில் எழுதாவிட்டால் என்ன, விதி தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்கலாம். தெரிந்திருக்க வேண்டும்தான். ஆனால் ரயில்வேயின் விதிப் புத்தகம் சாதாரண நாட்களுக்கு ஒன்றும் கோளாறான நாட்களுக்கு வேறொன்றுமாக நடந்துகொள்ளச் சொல்கிறது. சாதாரண நாளின் விதிகள் தினசரிப் பழக்கத்தில் கையோடு ஒட்டிக்கொள்கின்றன. கோளாறான நாளின் விதிகள் எப்போதோ ஒரு முறைதான் தேவைப்படும். ஆகவே அவற்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தாக வேண்டும். நடைமுறையில் வேலைக்கு வந்து பதிவு செய்யும் லாபியில் சுற்றறிக்கை இருக்கும். அதைப் படித்ததற்கு அடையாளமாக ஓட்டுநர் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து விழுந்ததும் கற்பித்தவரின் பொறுப்பு முடிந்து, கற்றவரின் பொறுப்பு தொடங்கிவிடுகிறது. பின்னாளில் விசாரணை வந்தால் அந்தக் கையெழுத்து முதல் சாட்சி.

சரக்கு ரயில் ஓட்டுநரின் வாழ்க்கையும் இதோடு சேர்ந்தது. எக்ஸ்பிரஸ் ஓட்டுபவருக்குக் கால அட்டவணை உண்டு. சரக்கு ரயிலுக்கு அது கிடையாது. அழைப்பு எப்போது வரும், வேலை எங்கே முடியும், எந்த ஊர் ரன்னிங் ரூமில் தூக்கம் என்பதெல்லாம் அன்றன்றைக்குத் தெரிவதுதான். ரயில்வே 2023-24ல் ஏற்றிய சரக்கு 150 கோடி டன்னுக்கும் அதிகம். மொத்த வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அதிலிருந்து வருகிறது. ரங்காபாணி விபத்து நடந்த அதே மாதத் தொடக்கத்தில்தான் தெற்கு ரயில்வேயின் ஓட்டுநர்கள் பலர், வாரத்தில் 46 மணி நேரம் தொடர்ச்சியான ஓய்வு கேட்டுப் போராட்டத்தில் இறங்கியிருந்தனர். தூக்கம் கெட்ட மனிதனுக்கு, வருஷத்தில் ஒரு நாள் தேவைப்படும் விதி சட்டென்று நினைவுக்கு வருவது கடினம்.

விபத்துக்கு நான்கு மாதங்களுக்கு முன்பே இன்னொரு எச்சரிக்கை வந்தது. 2024 பிப்ரவரி 25ஆம் தேதி, ஜல்லி ஏற்றிய 53 வேகன்கள் கொண்ட சரக்கு ரயில் ஒன்று ஜம்முவின் கதுவா நிலையத்திலிருந்து ஆளே இல்லாமல் சரிவில் உருண்டு, பஞ்சாபுக்குள் சுமார் 70 கிலோமீட்டர் ஓடியது. கை பிரேக்குகள் சரியாகப் போடப்படவில்லை. யாருக்கும் காயமில்லை என்பதால் நாடு அதைச் சிரித்துக் கடந்துவிட்டது.

கனடாவுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. 2013 ஜூலை 6ஆம் தேதி அதிகாலை, கச்சா எண்ணெய் டாங்கர்கள் 72 கொண்ட ரயில், நிறுத்திவைத்த இடத்திலிருந்து தானாக உருண்டு லாக் மெகான்டிக் என்ற சிற்றூரின் நடுவே தடம்புரண்டு வெடித்தது. 47 பேர் இறந்தனர். அந்த ரயிலை ஓட்டிவந்ததும் நிறுத்தியதும் ஒரே ஒரு ஆள். அவர் போட்டவை ஏழு கை பிரேக்குகள். குறைந்தது 17 தேவைப்பட்டிருக்கும் என்று அந்நாட்டின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கணக்கிட்டது. ஆனால் அந்த வாரியம் ஓட்டுநரோடு நிற்கவில்லை. விபத்துக்குப் பின்னால் 18 காரணங்களை வரிசைப்படுத்தியது. கம்பெனியின் பயிற்சிக் குறைபாடும், அதைக் கண்காணிக்கத் தவறிய அரசின் மெத்தனமும் அந்த வரிசையில் இருந்தன. ஓட்டுநர் உட்பட வழக்கில் நிறுத்தப்பட்ட மூன்று ஊழியர்களை 2018ல் நீதிமன்ற ஜூரி விடுதலை செய்தது.

ரங்காபாணிக்குப் பிறகு இங்கே எதுவும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. உதவி ஓட்டுநர்களாக 5,696 பேரை எடுப்பதாக 2024 ஜனவரியில் அறிவித்திருந்த ரயில்வே, விபத்துக்கு மறுநாளே அந்த எண்ணிக்கையை 18,799 ஆக உயர்த்தியது. 13,000க்கும் அதிகமான ஆட்கள் தேவை என்பது ஒரே இரவில் தெரிய வந்திருக்காது. ரயில்கள் மோதிக்கொள்ளாமல் தடுக்கும் கவச் கருவியை விரைந்து பொருத்த வேண்டும் என்றும் ஆணையர் பரிந்துரைத்தார். அந்தத் தடத்தில் அது இருக்கவில்லை. கருவி வரட்டும். ஆனால் கருவியும் ஒரு நாள் பழுதாகும். அன்றைக்கு ஓட்டுநரின் கையில் மறுபடியும் ஒரு காகிதம் கொடுக்கப்படும்.

அனில் ககோட்கர் தலைமையிலான உயர்நிலைக் குழு 2012லேயே, ரயில்வேயின் பிடிக்கு வெளியே சட்டபூர்வமான பாதுகாப்பு ஆணையம் ஒன்று வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆணையர் இப்போதும் பரிந்துரை மட்டுமே செய்யக்கூடியவர். ஏற்பதும் விடுவதும் ரயில்வேயின் விருப்பம். தேர்வெழுதி வரும் அந்த 18,799 பேரும் முதலில் உதவியாளர்களாக எஞ்சினில் ஏறுவார்கள். அதற்கு முன் அவர்களை உட்காரவைத்து, 912 என்ற அந்தப் படிவத்தைக் கையில் கொடுத்து, எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எந்த வேகத்தில் நகர வேண்டும் என்று ஒருவர் புரியும்படி சொல்லித்தர வேண்டும். அதற்கு ஒரு நாள் போதும். கையெழுத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.