ஒவ்வொரு தோளிலும் ஓர் ஆபத்துதவி

பாடசாலைகளுக்கு விடுமுறை விட்டதும் குடும்பத்தோடு மலைநாட்டுக்குப் புறப்படுவது நம்மவரிடையே நெடுநாளாக உள்ள வழக்கம். வண்டியிற் சென்று வண்டியிலேயே திரும்பிய நிலை மாறி, முதுகிலே பை சுமந்து கால்நடையாகக் காட்டையும் மேட்டையும் காணும் ஆவல் இப்போது இளைஞரிடம் மட்டுமன்றிப் பெற்றோரிடமும் வளர்ந்து வருகின்றது. ஹோட்டன் சமவெளியிலும், நக்கிள்ஸ் மலைத்தொடரிலும், சிவனொளிபாத மலைப் படிகளிலும் பிள்ளைகளோடு நடக்கும் குடும்பங்களைக் காணுந்தோறும் உள்ளம் மகிழ்கின்றது. உடலுக்கு உரமும் உள்ளத்துக்கு விரிவும் தருவன இத்தகைய பயணங்களேயாம்.

ஆயினும் அக்குடும்பங்களின் பைகளைச் சற்றே அவிழ்த்துப் பார்ப்போமானால் ஒரு குறை கண்ணிற்படும். உணவுப் பொட்டலம், மாற்றுடை, மருந்து, போர்வை, மின்சூள் என யாவும் இருக்கும். ஆனால் அவையனைத்தும் தந்தையின் பெரிய பையிலேயே அடங்கிக் கிடக்கும். பிள்ளைகளோ தோளில் ஒன்றுமின்றி மான்கன்றுகளைப் போல முன்னே ஓடுவர். வழிதவறக் கூடியவர் தந்தையா, பிள்ளைகளா என்பதை வாசகர்களே எண்ணிப் பாருங்கள். ஆபத்துக்கு உதவும் பொருள் ஆபத்தில் அகப்பட்டவரின் கைக்கு எட்டாவிடில், அது வீட்டில் இருந்தாலென்ன, தந்தையின் முதுகில் இருந்தாலென்ன?

மலையின் இயல்பு

ஹோட்டன் சமவெளி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2100 மீற்றர் உயரத்திலுள்ளது. 1000 மீற்றர் மேலே செல்லச் செல்ல வெப்பநிலை ஆறு பாகை செல்சியஸ் அளவு குறையும் என்பது மாணவர் அறிந்ததே. கொழும்பில் வியர்வை ஒழுகப் புறப்பட்டவர்கள் அங்கே இரவில் 5 பாகை வரை இறங்கும் குளிரைச் சந்திக்க நேரலாம். ஆண்டின் முதல் மாதங்களில் புல்நுனியில் உறைபனி படிவதும் உண்டு. அதிகாலையில் தெளிந்து தோன்றும் ‘உலக முடிவு’ப் பள்ளத்தாக்கு, காலை பத்து மணிக்குள் பெரும்பாலும் மூடுபனியுள் மறைந்துவிடும். சில அடி முன்னே சென்ற பிள்ளையும் அவ்வாறே மறைந்துவிடலாம். நக்கிள்ஸ் காடுகளின் பல பகுதிகளில் கைத்தொலைபேசிக்குத் தொடர்பே கிடைப்பதில்லை.

நம் மலைகளில் குளிரால் ஆபத்து விளையுமோ எனச் சிலர் ஐயுறுவர். பனிக்கட்டி உறையும் குளிர் அதற்கு வேண்டுவதில்லை. மழையில் நனைந்த உடையும் வீசுங் காற்றும் சேர்ந்தால் 10 பாகையிலேயே உடற்சூடு அபாயகரமாகக் குறைந்துவிடும். சிறுவரின் உடல் பெரியவரின் உடலினும் விரைந்து குளிரும். நடுக்கம், தடுமாறும் நடை, குழறும் பேச்சு என்பன அதன் அறிகுறிகளாம். இவற்றைக் கண்டவுடன் நனைந்த உடையைக் களைந்து, உலர்ந்ததை உடுத்தி, காற்றுப்படாத இடத்தில் அணைத்து வைத்தல் வேண்டும். தன்னினைவோடு விழுங்கக்கூடியவராயின் இனிப்பான வெதுவெதுப்பான பானம் கொடுக்கலாம்.

1981ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள பலோமர் மலையில், குடும்பத்தோடு சென்ற ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் வழிதவறினான். பெருந்தொகையானோர் தேடியும், சில நாட்களின் பின் அவனை உயிரற்ற உடலாகவே காண முடிந்தது. அத்தேடுதலில் ஈடுபட்டோர் மனம் பொறாது, ‘மரத்தை அணைத்துக்கொள்’ என்னும் பெயரில் சிறுவர்க்கு ஒரு பயிற்சியைத் தொடங்கினர். வழிதவறியதை உணர்ந்ததும் ஒரு மரத்தடியிலேயே தங்கிவிடு. அலையாதே என்பதே அதன் சாரம். அலையும் பிள்ளை தேடுவோரைவிட்டு மேலும் மேலும் விலகிச் செல்லும். தங்கிய பிள்ளையை விரைவிற் கண்டுபிடிக்கலாம். அவ்வாறு ஓரிடத்தில் தங்கியிருப்பதற்கு வேண்டியவற்றைப் பிள்ளையின் தோளிலேயே கொடுத்து வைப்பது நம் கடமையன்றோ?

பிள்ளையின் சிறு பை

பிள்ளையின் பையில் ஆறு பொருட்கள் போதும்.

1. விசில். இதனைப் பைக்குள் வையாது, தோள்வாரிலே கட்டிவிடுதல் வேண்டும். கூவிக் கூவிக் குரல் விரைவிற் கம்மிவிடும். விசிலின் ஒலியோ நெடுந்தூரம் செல்லும். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் ஓய்ந்து, மீண்டும் ஆறு முறை ஊதுவது மலையேறுவோர் கைக்கொள்ளும் அபாய அறிவிப்பு. நிமிடத்துக்கு மூன்று ஊதல் அதற்கு மறுமொழி. எண்ண அறியாத சின்னஞ்சிறுவர் விட்டுவிட்டு ஊதினாற் போதும்.

2. மழையங்கி. சிவப்பு, மஞ்சள் போன்று தூரத்திலிருந்தே தெரியும் நிறம் நன்று. பச்சை நிறம் காட்டோடு கலந்துவிடும்.

3. கம்பளித் தொப்பியும் உலர்ந்த மேற்சட்டை ஒன்றும்.

4. சிறு மின்சூள். இருளிலே அச்சம் அகற்றுவதோடு, தேடுவோர்க்கு இடத்தையும் காட்டும்.

5. அரை லீற்றர் தண்ணீரும் இனிப்பு உணவும். கடையில் விற்கும் சொக்லேட்தான் வேண்டுமென்பதில்லை. பனங்கட்டி, எள்ளுருண்டை, பொரிவிளாங்காய் என்பன நாட்பட்டும் கெடாதவை. குளிருக்கு வேண்டிய சக்தியை நிறையத் தருபவை.

6. பெயரும், பெற்றோரின் தொலைபேசி எண்ணும், ஒவ்வாத மருந்தின் பெயரும் எழுதிய அட்டை.

இவையனைத்தும் சேர்ந்து ஒன்றரைக் கிலோகிராம் அளவிலேயே நிற்கும். 30 கிலோகிராம் நிறையுள்ள பிள்ளைக்கு அது பெருஞ்சுமையன்று. கைக்குழந்தைக்குரியதைத் தாயோ தந்தையோ சுமக்கட்டும். ஐந்து வயது கடந்த பிள்ளை தன்னுடையதைத் தானே சுமக்கப் பழகட்டும்.

பெரியவரின் பை

பெரியவரின் பையில் காயம், நோய், தண்ணீர் ஆகிய மூன்றுக்கும் வழிசெய்தல் வேண்டும். காயத்துக்குத் தூய பஞ்சும் கட்டுத்துணியும், ஒட்டுத்துணியும், கத்தரிக்கோலும், முக்கோணத் துணி இரண்டும் வேண்டும். முக்கோணத் துணி கையைத் தொங்கவிட்டுக் கட்டவும், முறிந்த காலை ஊன்றுகோலோடு சேர்த்துக் கட்டவும் உதவும். குடும்பத்தில் எவரேனும் நாள்தோறும் உட்கொள்ளும் மருந்து இருந்தால், இரண்டு நாட்களுக்கு மேலதிகமாக எடுத்துச் செல்லுங்கள். மூச்சிழுப்புள்ளவரின் மருந்து அவருடைய சட்டைப் பையிலேயே இருத்தல் நன்று. காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் போதும். சிறுவர்க்கு அஸ்பிரின் கொடுத்தலாகாது. வயிற்றோட்டத்துக்கு ‘ஜீவனி’ப் பொட்டலம் இரண்டு இருக்கட்டும். அது கிடையாவிடில், ஒரு லீற்றர் தூய நீரில் மட்டமாக எடுத்த ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகப் பருக்கலாம்.

மலை ஓடை பளிங்குபோலத் தோன்றினும், மேலே விலங்குகள் நடமாடிய நீரே கீழே வருகின்றது. 2000 மீற்றர் உயரத்தில் நீர் ஏறக்குறைய 93 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகவே கொதி வந்தபின்னும் மூன்று நிமிடம் கொதிக்க விடுதல் வேண்டும். அடுப்பு மூட்ட இயலாத இடத்தில் குளோரின் வில்லைகளை இட்டு, பொதியிற் குறித்த நேரம் காத்திருந்து பருகலாம்.

மினுங்கும் அவசரப் போர்வை, மேலதிக மின்கலங்கள், கைத்தொலைபேசிக்கு மின்னூட்டும் கலம், பத்து மீற்றர் கயிறு என்பனவும் இப்பைக்கு உரியன. ஹோட்டன் சமவெளியில் பொலித்தீன் அனுமதிக்கப்படுவதில்லையாதலின், மருந்துகளை மூடியுள்ள பெட்டியில் அடைத்துக்கொள்ளுங்கள்.

விலக்கற்பாலன

பாம்பு கடித்தால் கீறுவதற்கெனச் சிலர் கத்தியும், இறுகக் கட்டுவதற்கெனக் கயிறும் கொண்டு செல்வர். கீறுதலும், உறிஞ்சுதலும், இறுகக் கட்டுதலும் தீங்கே விளைக்கும். கடியுண்ட அங்கத்தை அசையாது வைத்து, கடியுண்டவரை நடக்கவிடாது தூக்கி, விரைவில் வைத்தியசாலை சேர்ப்பதே தக்க உதவி. அட்டை கடித்தாலோ அஞ்சவேண்டியதில்லை. நகத்தின் ஓரத்தால் மெல்ல நெம்பி அகற்றி, சவர்க்காரமிட்டுக் கழுவி, துணியால் அழுத்திப் பிடித்தாற் போதும். இரத்தம் சற்று நேரம் வடிவது, அது உறையாதிருக்க அட்டை செலுத்தும் நீரினாலேயாம்.

தீ மூட்டுவதையே உயிர்காக்கும் கலையெனக் கதைகளிற் படித்த மாணவர் எண்ணுதல் இயல்பு. நம் மலைகளிலோ மழைநாளில் விறகு பற்றாது; வரட்சி நாளிற் புல்வெளி முழுவதும் பற்றிவிடும். உலர்ந்த உடை ஒன்று, பத்துத் தீப்பெட்டிகளினும் மேலானது.

புறப்படுமுன்

போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி, வீட்டிலிருக்கும் ஒருவரிடம் கொடுங்கள். குறித்த நேரங் கடந்தும் செய்தி வராவிடில் அவர் பொலிசாருக்கு அறிவிக்கட்டும். பொலிசாரின் அவசர எண் 119. இலவச அம்புலன்ஸ் சேவைக்கு 1990. அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. இம்மூன்றையும் பிள்ளைகளின் அட்டையிலும் எழுதிவிடுங்கள்.

இறுதியாக ஒன்று. பையைப் பெற்றோர் கட்டிக் கொடுத்தால் பிள்ளைக்கு அதனுள் இருப்பது தெரியாது. ஆகவே பிள்ளைகளே அடுக்கட்டும். பின்னர் ஓர் இரவு வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு, மின்சூளை எடுக்கவும், மழையங்கியை அணியவும், விசிலை ஊதவும் சொல்லுங்கள். முதன்முறை சிரிப்பும் தடுமாற்றமுமாகவே கழியும். மூன்றாம் முறை கைகள் தாமே இடமறிந்து செல்லும். அதன் பிறகு பயண நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.