தொட்டியில வெங்காயம் வெச்சா விலையை ஜெயிச்சிடலாமா?

வெங்காய விலை ஏறினா போதும், 'இனிமே கடையில வாங்காதீங்க, வீட்டுலயே வளருங்க'ன்னு ரீல்ஸ் வரிசைகட்டும். அரிமளம் மாதிரி செம்மண்ணும் கொல்லைப்புறமும் இருக்கற ஊர்க்காரங்கன்னா ஆசை கூடுதலாவே வரும். கொஞ்சம் கணக்குப் பார்ப்போமா?

ஒரு கிலோ விதை வெங்காயத்துல ஏறக்குறைய 200 காய் இருக்கும். தொட்டிக்குப் பத்துன்னு நட்டாலும் 20 தொட்டி வேணும். 70 நாள் தண்ணி ஊத்தி அஞ்சாறு கிலோ எடுத்தா அதுவே பெரிய விஷயம். சாம்பார், சட்னின்னு ஓடற வீட்டுக்கு அது எத்தனை நாளைக்கு வரும்?

விலை முடிவாகறதும் வேற இடத்துல. 2023 ஆகஸ்ட்ல மத்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்கு 40% வரி போட்டது. டிசம்பர் 8-ம் தேதி மொத்தமா தடை. 2024 மே மாசம் தடை போச்சு, வரி போகலை. செப்டம்பர்ல அது 20% ஆச்சு. 2025 ஏப்ரல் 1-ம் தேதிதான் முழுசா நீங்கிச்சு. நாசிக் பெரிய வெங்காயத்தை மனசுல வெச்சுப் போட்ட உத்தரவுல, மலேசியாவுக்கும் இலங்கைக்கும் போகவேண்டிய நம்ம சின்ன வெங்காயமும் மாட்டிக்கிச்சு. நம்ம பை லேசாகாம இருக்க, பெரம்பலூர் விவசாயியோட பையில கை வைக்கறாங்க. இது நியாயமில்லை.

அப்போ எதுக்கு வளர்க்கணும்? ருசிக்கு! காரமில்லாத வெங்காயத்துல சர்க்கரை அதிகம்னு நினைக்காதீங்க. கந்தகம் கம்மி, அவ்வளவுதான். மண்ணுல கந்தகம் குறைவா இருந்து, தண்ணியும் தட்டாம கிடைச்சா காரம் குறையும். செடி காஞ்சா காரம் ஏறும். சூப்பர் பாஸ்பேட், அமோனியம் சல்பேட் ரெண்டுலயும் கந்தகம் இருக்கு. தொழுவுரம் போதும்.

ஆன்லைன்ல 'ஸ்வீட் ஆனியன்' விதை ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். அதுல பல ரகங்களுக்குக் காய் பிடிக்க 14 மணி நேரப் பகல் வேணும். புதுக்கோட்டையில ஆனி மாசத்துலகூட பகல் 13 மணி நேரத்தைத் தொடாது. தாள் மட்டும் செழிப்பா நிக்கும்! பேசாம சந்தைச் சின்ன வெங்காயத்தையே தை மாசம் நடுங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில அழுகிடும்.

காரம் குறைஞ்சதைக் குழம்புல போட்டு வீணாக்காதீங்க. அடுப்புல வெச்சா எல்லா வெங்காயமும் காரத்தை விட்டுடும். இதைப் பச்சையா பழைய சோத்துக்குக் கடிச்சுக்கலாம், தயிர்ப் பச்சடிக்கு அரிஞ்சு போடலாம்.