பெயரில்லா உறவும் பெயர் தாங்கிய பத்திரமும்

விவாகம் செய்துகொள்ளாமலே பல்லாண்டு ஒரு கூரையின்கீழ் வாழ்ந்த இருவர் பிரியுங்கால், அவர்களுள் ஒருவர் நம் அலுவலகப் படியேறி வந்து முதலில் கொட்டுவது மனத்தாங்கலே ஆயினும், இறுதியில் நம் மேஜைமீது வைப்பது ஒரு கிரயப் பத்திரத்தின் நகலும், வங்கிக் கணக்குப் புத்தகமும், தீராத வீட்டுக் கடனின் தவணை விவரமுமே. அத்தகைய கட்சிக்காரரைக் கண்டவுடன் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தை மட்டும் புரட்டும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அது போதாது என்பதே யாம் இவ்விதழில் சொல்ல விழைவது.

அச்சட்டத்தின் பயன் சிறிதன்று. விவாகத்தை ஒத்த உறவில் வாழ்ந்த பெண்ணுக்கு வசிக்கும் உரிமையையும், பண நிவாரணத்தையும், ஸ்திரீதனம் முதலிய உடைமைகளை மீட்கும் மார்க்கத்தையும் அது அளிக்கிறது. எனினும், கோயம்புத்தூர்க் குடும்ப நீதிமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம்வரை சென்ற வழக்கொன்றில், நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் டி. எஸ். தாக்கூரும் 2010இல் வகுத்த நிபந்தனைகளின்படி, இருவரும் மணம் புரியும் தகுதியுடையோராய், உலகறியத் தம்பதிகள்போல், கணிசமான காலம் மனமொப்பி வாழ்ந்திருத்தல் வேண்டும். அவை யாவும் நிரூபணமான பின்னரும் அவளுக்குக் கிடைப்பது வீட்டில் தங்கும் உரிமையேயன்றி, வீட்டின்மீது பாத்தியதை அன்று. ஆடவனுக்கோ அச்சட்டத்தின் வாசல் திறப்பதே இல்லை.

பாத்தியதையைத் தேடுவோர் செல்லவேண்டிய இடம் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு. இருவர் சேர்ந்து வாங்கிய ஸ்தாவர சொத்தில், அவரவர் செலுத்திய தொகையின் விகிதப்படி பங்கு. அதற்குச் சான்று இல்லையெனில் சமபங்கு என்று அனுமானம். ஆகவே, அதிகம் செலுத்தியவரே கணக்கைக் காட்டி நிரூபிக்கக் கடமைப்பட்டவர். வழக்கு சிவில் நீதிமன்றத்துக்குரியது. அடுக்கக வீட்டைச் சுவர் எழுப்பிப் பிரிக்க இயலாதாகையால், பாதிப் பங்கேனும் உடையவர் 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டப்படி அதை விற்கக் கோரலாம். மற்றவர் அப்பங்கை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்குத் தாமே வாங்கிக்கொள்ளவும் கேட்கலாம்.

இடர்மிகுந்த நிலை வேறொன்று உண்டு. ஒருவர் பணத்தில் மற்றவர் பெயரில் மட்டும் வீடு வாங்கியிருப்பது அது. கணவன் மனைவிக்குப் பினாமிச் சட்டம் அளிக்கும் விலக்கு இவ்விருவருக்கு இல்லை. "முழுப் பணமும் நானே கொடுத்தேன், வீடு எனதே" என்று வாதி தம் பிராதில் எழுதும் வாக்கியமே 4ஆம் பிரிவின் தடையை வரவழைத்துவிடக்கூடும். கொடுத்தது கடன் என்றாலோ காலவரையறை எதிர் நிற்கிறது: கடன் கொடுத்த நாள்முதல் மூன்றாண்டு. அன்பு ஏழாண்டு நிலவினால் அதற்குள் முதலாண்டுக் கடன் காலாவதியாகிவிடுகிறது. கெடு முடியுமுன் கையெழுத்திட்ட ஒப்புகை ஒன்றிருந்தால் அதற்கு உயிருண்டு.

கூட்டாக வாங்கிய வீட்டுக் கடனிலும், ஒருவர் வீட்டைவிட்டு வெளியேறுவதால் வங்கிக்குரிய அவர் பொறுப்பு நீங்குவதில்லை. முழுத் தவணையும் கட்டியவர் மற்றவரிடம் அவர் பங்கைக் கோர ஒப்பந்தச் சட்டத்தின் 43ஆம் பிரிவு இடந்தருகிறது என்பதைப் பிரியும் நாளிலேயே இருவருக்கும் எடுத்துரைப்பது நலம்.

இவையனைத்தும் பணத்தை அளக்கும் கோல்கள். உத்தியோகத்தைத் துறந்து வீட்டைப் பேணி, மற்றவர் சம்பளம் தவணைக்கே போகும்படி மிச்சம் பிடித்துக் கொடுத்தவளின் உழைப்புக்கு 45ஆம் பிரிவில் பத்தி இல்லை. ஆனால் அப்பிரிவு, முரணான ஒப்பந்தம் இல்லாதவிடத்து, என்ற நிபந்தனையோடே பங்கை வகுக்கிறது என்பதை நம்மில் பலர் வாசித்தும் கவனியாது விடுகிறோம். கூடி வாழ்தலையே பிரதிபலனாகக் காட்டாமல், இன்னாருக்கு இத்தனை பங்கு என்று கிரயப் பத்திரத்திலேயே எண்ணால் எழுதிவிட்டால், அவள் பிற்காலத்தில் ரசீது தேடி அலைய வேண்டியதில்லை. பதிவு அலுவலகத்துக்குப் புறப்படுமுன் அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுதல், பத்திரம் எழுதும் நம் கையில் இருக்கிறது.