கரையேறிய கப்பல், உடைபட்ட கப்பல்!

விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரைக்குப் போனால், கரையில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் நிற்பதைப் பார்க்கலாம். பெயர், ஐ.என்.எஸ். குர்சுரா. நீளம் 91 மீட்டர். சோவியத் யூனியனில் கட்டப்பட்ட இது, 1969-ல் நம் கடற்படையில் சேர்ந்தது. 1971 இந்தியா-பாகிஸ்தான் போரின்போது அரபிக்கடலில் ரோந்து சுற்றியது. 31 ஆண்டுகள் உழைத்து, 2001-ல் ஓய்வு பெற்றது. அடுத்த ஆண்டே அருங்காட்சியகமானது!

உள்ளே போனால் வியப்பாக இருக்கும். குறுகலான நடை, வட்டமான வாசல்கள், அடுக்கடுக்காகப் படுக்கைகள், கப்பல்களைத் தாக்கும் டார்பிடோ குண்டுகள்... இவற்றுக்கு நடுவேதான் வீரர்கள் பல நாட்கள் சூரியனைப் பார்க்காமல் வாழ்ந்தார்கள்.

ஆனால், எல்லாக் கப்பலுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. நம் நாட்டின் முதல் விமானம் தாங்கிக் கப்பல் விக்ராந்த். 1971 போரில் வங்காள விரிகுடாவில் பெரும் பங்கு வகித்தது. 1997-ல் ஓய்வு பெற்றபின், மும்பையில் அருங்காட்சியகமாக இருந்தது. பாதுகாப்பு இல்லை என்று 2012-ல் மூடிவிட்டார்கள். 2014-ல் சுமார் 60 கோடி ரூபாய்க்கு ஏலம் போய், உடைக்கப்பட்டது. 2017-ல் ஓய்வு பெற்ற விராட் கப்பலும், 2020-ல் குஜராத்தின் அலங் கடற்கரைக்கு உடைக்கக் கொண்டுபோகப்பட்டது.

ஏன் இந்த வித்தியாசம்? குர்சுரா சிறியது, அதைக் கரைக்கு இழுத்து நிறுத்திவிட முடிந்தது. விக்ராந்த் 200 மீட்டருக்கும் அதிக நீளம், தண்ணீரிலேயே மிதந்தது. உப்புநீர் இரும்பை விடாமல் அரிக்கும். துருவைச் சுரண்டி, ஓட்டையை அடைத்து, பெயின்ட் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். விராட்டை அருங்காட்சியகமாக்க மகாராஷ்டிர அரசு 2018-ல் ஒப்புதல் தந்த திட்டத்தின் மதிப்பு எவ்வளவு தெரியுமா? 852 கோடி ரூபாய்! 'கப்பல் வேண்டும்' என்று பலரும் சொன்னார்கள். செலவை ஏற்கத்தான் ஆள் கிடைக்கவில்லை.

'அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டலாமே' என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், பள்ளியை அடுத்த ஆண்டுகூடக் கட்டலாம். உடைத்த கப்பலை மறுபடி ஒட்ட முடியாதே! 2022-ல் கொச்சியில் விக்ராந்த் என்ற பெயரிலேயே புதிய கப்பல் ஒன்று கடற்படையில் சேர்ந்தது. பெயர் திரும்பி வந்தது. பழைய கப்பல் வரவில்லை.

எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. எதைக் காப்பாற்றுவது என்பதை, கப்பல் ஓய்வு பெறும் முன்பே திட்டமிடுவதுதான் புத்திசாலித்தனம். குர்சுராவுக்குப் போனால், சும்மா போட்டோ எடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். அங்கே வழிகாட்டிகளாக முன்னாள் கடற்படை வீரர்கள் இருக்கிறார்கள். "கடலுக்கு அடியில் எப்படி மூச்சு விட்டீர்கள்?" என்று கேளுங்கள். உங்கள் ஊர்க் கரைக்கு ஒரு பழைய கப்பல் வந்தால், வேண்டும் என்பீர்களா, வேண்டாம் என்பீர்களா? வகுப்பில் பேசிப் பாருங்களேன்!