பைன் மரத்தின் வேரில் யார்?

அமெரிக்காவின் ராக்கி மலைகளில், மரங்கள் வளரும் கடைசி உயரம் வரை நிற்கும் மரம் ஒயிட்பார்க் பைன். கிளார்க்ஸ் நட்கிராக்கர் என்ற பறவை குளிர்காலத்துக்காக மண்ணில் புதைத்துவிட்டு எடுக்காமல் விட்ட விதைகள்தான் முளைத்து மரமாகின்றன. அந்த மரத்தை 2022 டிசம்பரில் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனம் என அமெரிக்க அரசு அறிவித்தது. முக்கியக் காரணம், பிளிஸ்டர் ரஸ்ட் என்ற பூஞ்சை நோய். நூறாண்டுக்கு முன்பு ஐரோப்பாவிலிருந்து வந்த நாற்றுகளோடு சத்தமில்லாமல் வந்து இறங்கியது அது.

இப்போது நோயைத் தாங்கும் மரங்களின் விதையை எடுத்து, நர்சரியில் நாற்றாக்கி, மலையில் நடுகிறார்கள். ஆனால், நர்சரி நாற்றுக்கு ஒரு குறை. காட்டில் பைனின் வேர் நுனியைப் பூஞ்சை உறைபோல மூடியிருக்கும். தண்ணீரும் சத்தும் தேடித் தரும். பதிலுக்கு மரத்திடம் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். நர்சரி தொட்டியில் அந்தத் துணை கிடையாது. விற்பனைக்கு வரும் ஏதோ ஒரு பூஞ்சைக் கலவையைப் போட்டுவிடலாமா? நாற்றோடு வந்த பூஞ்சையால் பட்டபாடு போதாதா! அந்த மலையின் சொந்தப் பூஞ்சையே வேண்டும்.

அது எது என்று கண்டுபிடிப்பதுதான் தலைவலி. தரைக்கு மேல் முளைக்கும் காளான்களை வைத்துக் கணக்கெடுத்தால், வேரில் இருப்பவற்றோடு பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. செனோகாக்கம் என்றொரு பூஞ்சை, வேர் நுனியைக் கன்னங்கரேலென்று பிடித்திருக்கும். ஆனால், காளானே விடாது. காட்டையே சுற்றி வந்தாலும் மண்ணுக்கு மேலே அகப்படாது.

அதனால், வேரைக் கழுவி, மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்து, மில்லிமீட்டர் கணக்கிலான நுனியை வெட்டி டி.என்.ஏ. எடுக்கிறார்கள். அதில் மரத்தின் டி.என்.ஏ.வும் கலந்திருக்குமே? பூஞ்சையின் ஐ.டி.எஸ். என்ற பகுதியை மட்டும் பிடித்துப் பெருக்கும் பிரைமர்களை மோனிக் கார்டெஸ், தாமஸ் புரூன்ஸ் இருவரும் 1993-ல் உருவாக்கியிருந்தார்கள். கிடைத்த வரிசையைத் தரவுத்தளத்தில் ஒப்பிட்டால் பெயர் வரும். சில நேரம் 'பெயரிடப்படாத பூஞ்சை' என்றுதான் வரும்!

மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கேத்தி கிரிப்ஸ் குழு, யெல்லோஸ்டோன் வட்டார மலைகளில் காளான், வேர் நுனி இரண்டையும் சேகரித்து, ஒயிட்பார்க் பைனின் துணைப் பூஞ்சைகளை 2008-ல் பட்டியலிட்டது. நாற்றுகளுக்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது சுயில்லஸ் சைபீரிகஸ். கொத்துக்கு ஐந்து ஊசியிலை கொண்ட பைன்களோடு சேரும் இனம். அதன் வித்துகளைத் தண்ணீரில் கலந்து நாற்றின் வேருக்குத் தருகிறார்கள். சில மாதம் கழித்து வேரில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்த்த பிறகே மலைக்கு அனுப்புகிறார்கள். கனடாவின் வாட்டர்டன் ஏரிகள் தேசியப் பூங்காவிலும் இப்படிப்பட்ட நாற்றுகளை நட்டிருக்கிறார்கள்.

இந்த மரம் நிறையக் காய்க்கத் தொடங்க 60 முதல் 80 ஆண்டுகள் ஆகும்.