நீதவான் டீயும் ஒல்லாந்து அறிஞரும்

துப்பறியும் கதை என்றதும் முகஞ்சுளிக்கும் பெரியோர் நம்மிடையே இன்னும் உளர். இலக்கியத்திற்கென ஒதுக்கிய இப்பக்கங்களிற் கொலைக்கும் களவுக்கும் என்ன வேலை என்று அவ்வப்போது நம்மைக் கேட்பவர்களும் அவர்களே. ஆனால், நமக்கு வந்து சேரும் மர்மக் கதைகளைப் படிக்குங்கால் நியாயம் அப்பெரியோர் பக்கமே என்று நமக்குந் தோன்றிவிடுகிறது. துப்பறிவோன் மழையங்கி தரித்துப் புகைக்குழாயோடு வருகிறான். ஊர் பருத்தித்துறையாயினும் தெருவிலே மூடுபனி இலண்டன் மாநகரத்ததாகவே இருக்கிறது!

இவ்விரு சாராருக்கும் ஒருவரை அறிமுகப்படுத்த விரும்புகிறோம். அவர் பெயர் ரொபேட் வான் குலிக். 1910இல் ஒல்லாந்து தேசத்திலே பிறந்தவர். தந்தையார் கீழைத்தீவுகளில் இராணுவ வைத்தியராய் இருந்தமையால் இளமையின் ஒரு பகுதி ஜாவாவிற் கழிந்தது. பள்ளி மாணவராய் இருந்தபோதே சமஸ்கிருதம் பயிலத் தொடங்கினார். இருபது வயதில், தம் ஆசிரியர் ஊலன்பெக் என்பாரோடு சேர்ந்து, பிளாக்புட் என்னும் வட அமெரிக்கப் பழங்குடியினரின் மொழிக்குச் சொற்றொகுதி வெளியிட்டார். 1932இல் காளிதாசனின் விக்கிரமோர்வசீயத்தை ஒல்லாந்து மொழியிலே பெயர்த்தார். 1935இற் கலாநிதிப் பட்டம் பெற எழுதிய ஆராய்ச்சி, குதிரைமுகக் கடவுளாகிய ஹயக்கிரீவர் சீனத்திலும் யப்பானிலும் எவ்வாறு வழிபடப்பட்டார் என்பது பற்றியது.

வயிற்றுப்பாட்டுக்கு அவர் மேற்கொண்டது இராசதந்திர சேவை. தோக்கியோ, சுங்கிங், வாசிங்டன், புதுடில்லி, பெய்ரூத், கோலாலம்பூர் என்று உத்தியோகம் அவரை அலைத்தது. போன இடமெல்லாம் அவ்விடத்தவரோடு மாணாக்கராய் அமர்ந்தார். சீனப் பெருமக்கள் மீட்டும் ஏழு நரம்பு யாழைக் கற்று, அதுபற்றி 1940இல் ஒரு நூலும் எழுதினார். 1943இற் சுங்கிங் நகரிலே சீன நங்கை ஒருவரை மணந்தார். சீனத்திலும் யப்பானிலும் சமஸ்கிருதக் கல்வி நிலவிய வரலாற்றை அவர் எழுதிய ‘சித்தம்’ என்னும் நூல் 1956இல் நாகபுரியிலே பதிப்பிக்கப்பெற்றது.

இத்தகைய பண்டிதரே ஓய்வு நேரங்களில் துப்பறியும் நவீனங்கள் எழுதினார். ஒன்றிரண்டல்ல, பதினைந்துக்கும் மேல்.

அது நேர்ந்த விதம் நம் எழுத்தாளர் கவனிக்கத்தக்கது. யுத்தகாலத்தில் அவர் கைக்கு ஒரு பழைய சீனக் கதை கிடைத்தது. பெயரறியா ஆசிரியர் ஒருவர் 18ஆம் நூற்றாண்டிலே எழுதியது எனக் கருதப்படுவது. கி.பி. 630 முதல் 700 வரை வாழ்ந்த டீ என்னும் மெய்யான நீதவானே அதன் நாயகர். அதன் முற்பகுதியை மொழிபெயர்த்து 1949இல் தோக்கியோவிலே தம் செலவில் அச்சிட்டார். சீன, யப்பானியப் புத்தகச் சந்தைகளில் மேனாட்டு மூன்றாந்தர மர்மக் கதைகளின் மொழிபெயர்ப்புக்கள் மலிந்திருக்கக் கண்டு அவர் மனம் பொறுக்கவில்லை. சொந்த வீட்டிலே இத்துணைச் சிறந்த மரபிருக்க, அயல்வீட்டுக் கஞ்சிக்கு ஏன் கையேந்த வேண்டும்? கீழ்த்திசை எழுத்தாளர் எவரேனும் அம்மரபிற் புதிது எழுதுவார் என எதிர்பார்த்தார், எவரும் முன்வரவில்லை. ஆகவே வழிகாட்டத் தாமே பேனாவை எடுத்தார். முதல் நவீனத்தை ஆங்கிலத்தில் எழுதினாராயினும், அது முதலில் அச்சேறியது 1951இல், யப்பானிய மொழியிலே. பின்னர் சீனத்திலும் அவரே எழுதி வெளியிட்டார். ஆங்கில நூல் வெளிவந்ததோ 1956இல்.

பழைய சீனக் கதையிற் குற்றவாளி யாரென்பது தொடக்கத்திலேயே வெளிப்பட்டுவிடும். பேய்கள் வந்து சாட்சி சொல்லும். வான் குலிக் குற்றவாளியை இறுதிவரை மறைத்தார். பேய்களைப் பெரும்பாலும் சாட்சிக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டார். ஆனால் நீதவானுக்கு ஒரே வேளையில் மூன்று வழக்குகள் வந்து மோதும் அமைப்பை வைத்துக்கொண்டார். நாம் மிக வியப்பது இதனையே. உத்தியோகத்தர் எவருக்கும் ஒரு நேரத்தில் ஒரு சிக்கல் மட்டும் வருவதில்லையே! படங்களையும் மிங் காலத்து மரச்செதுக்கு ஓவியப் பாணியில் அவரே வரைந்தார். சில வழக்குகளுக்குக் கருவாய் உதவியது பழைய சீன வழக்குத் தொகுதி ஒன்று. 13ஆம் நூற்றாண்டுக்குரிய அதனையும் அவரே மொழிபெயர்த்து 1956இற் பதிப்பித்தார்.

பொழுதுபோக்கு ஆராய்ச்சிக்கு இடையூறென்பார் ஒரு செய்தி கேட்கட்டும். யப்பானியப் பதிப்பாளர் நூலின் அட்டைக்கு ஆடையற்ற பெண்ணுருவம் வேண்டும் என்று வற்புறுத்தினார். சீனச் சித்திர மரபில் அஃது உண்டா என்று தேடப் புகுந்தவர், மிங் காலத்துச் சிருங்காரச் சித்திரங்களைக் கண்டெடுத்தார்; 1951இல் அவைபற்றி ஐம்பதே பிரதிகள் கொண்ட நூலொன்றை வெளியிட்டார். பத்தாண்டின் பின், பண்டைச் சீனரின் இல்லற இன்ப வாழ்க்கை பற்றிய அவருடைய பெருநூல் அதிலிருந்தே விளைந்தது. ஒரு மலிவுப் பதிப்பின் அட்டை ஒரு துறையையே திறந்துவிட்டது.

குறையில்லாதவர் என்று சொல்ல மாட்டோம். அவருடைய நடையில் அழகு குறைவு. பெண் பாத்திரங்களிற் பலர் கொலையுண்பதற்கென்றே வருகின்றனர். தாங் காலத்துக் கதைக்கு மிங் கால உடை உடுத்தியதை அறிந்தே செய்தார்; எனினும் அது கண்ணை உறுத்தத்தான் செய்கிறது. ஆயினும் தம் புலமையைக் கதைக்குள்ளே கொட்டி வாசகரை அமிழ்த்தவில்லை. சொல்ல வேண்டியதைப் பின்னுரையிற் சொல்லி ஒதுங்கினார். அவ்வடக்கம் நம் பண்டிதர் பலருக்கு வாய்ப்பதில்லை.

1967இல், ஐம்பத்தேழாம் வயதில், ஹேக் நகரிலே அவர் காலமானார். வாலில்லாக் குரங்குகள் சீன இலக்கியத்திற் பெறும் இடம்பற்றிய ஆராய்ச்சி நூல் அவ்வாண்டில் வெளிவந்தது. கடைசி மர்ம நவீனம் மறு ஆண்டில் வெளிவந்தது.

தமிழிலே ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் மேனாட்டுக் கதைகளுக்கு வேட்டி சேலை உடுத்தி வாசகரைத் திரட்டினர், அப்பணியை இகழோம். ஆனால் மரியாதைராமன் வழக்குகளை வைத்திருப்பவர் நாம். விசாரியாது வழங்கிய தீர்ப்பொன்றினாற் கோநகரமே எரிந்த காப்பியத்தை வைத்திருப்பவர் நாம். யாழ்ப்பாணத்தார் வழக்காறுகளை 1707இல் ஒல்லாந்து அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தார். பன்னிரு முதலியார்கள் பார்த்து ஒப்பினர். அத்தேசவழமையிலே முதுசம், சீதனம், தேடியதேட்டம், ஒற்றி என்று எத்தனை தலைப்புக்கள்! ஒவ்வொன்றின் கீழும் ஒரு குடும்பத்துச் சண்டை உறங்குகிறது. உறுதிகளையும் ஓலைகளையும் படிக்கத் தெரிந்த ஓர் உடையாரையோ விதானையாரையோ துப்பறிபவராக வைத்து எழுதி அனுப்புவார் உளரேல், இப்பக்கங்களில் அவருக்கு இடம் உண்டு. மூடுபனி மட்டும் வேண்டாம்.